ஈயத்தாள் பொட்டலம்

அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், தேடத் தொடங்கும் முன்பே எடுத்தவர் யார் என்பது முடிவாகியிருக்கும். கரண்டி, கொடியில் போட்ட துண்டு, என் பென்சில் சீவி, எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான்: குப்பை பொறுக்க வருகிற இலங்கைக்காரி. துண்டு மறுநாள் பக்கத்து வேலியில் கிடைத்துவிடும். சந்தேகம் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு சிற்றூர். அப்பா அங்கே சுகாதார ஆய்வாளர்; கோயமுத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் அப்போது மலைக்கு வந்துகொண்டே இருந்தன. தோட்ட வேலை கிடைக்காத ஆறு பேர் எங்கள் ஊர்க் குப்பையில் தாளும் தகரமும் பாட்டிலும் பொறுக்கி விற்றுப் பிழைத்தார்கள். குப்பைக் கிடங்குக் காவலாளி அவர்களைக் கண்டால் கம்போடு துரத்துவான்.

அவர்கள் பொறுக்குவதால்தான் ஊர் ஓடை அடைபடாமல் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அப்பா ஒருவர்தான். ஆறு பேருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை, பதிவேட்டில் பெயர், கிடங்கில் தரம் பிரிக்க ஒரு கொட்டகை என்று மேலிடத்துக்கு எழுதி அனுமதியும் வாங்கிவிட்டார். ஒரே நிபந்தனை, எந்த வீட்டிலிருந்தும் அவர்கள்மேல் புகார் இருக்கக் கூடாது.

செய்தி தெரிந்ததும் காவலாளி கேலி பேசினான். “அப்புறம் என்ன, உங்களுக்கும் பென்சன் வந்துருமாட்ட இருக்குது.”

“பென்சன் வேணாங்க. நீங்க கம்பை எடுக்காம இருந்தா அதுவே போதும்” என்றாள் அந்த ஆறு பேரில் ஒருத்தியான, எங்கள் வீட்டுப் பக்கம் வருகிற இலங்கைக்காரி.

அம்மாவுக்கு அந்தத் திட்டம் பிடிக்கவில்லை. “ஏனுங்க, இப்பக் கேட்டோட நிக்கறவ, வில்லை குடுத்தீங்கன்னா நேரா ஊட்டுக்குள்ளயே வருவா” என்றாள். கேட்டைத் தாண்டக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததும் அம்மாதான். அதற்குப் பிறகு அவள் எங்கள் மதிலோரம் சற்று நேரம் நின்றுவிட்டுப் போவதை நான் ஜன்னல் வழியாகக் கவனித்து வந்தேன். நின்றால் ஏதோ இருக்கிறது என்பது என் முடிவு. இலங்கைக்காரர்கள் மந்திரித்த தகடு வைப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் வேறு சொல்லியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் போன பிறகு மதில்மேல் ஒரு பொட்டலம் பளபளத்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்குமே, அந்த ஈயத்தாளில் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சுற்றியிருந்தது. தகடு என்றே நம்பினேன். கையால் தொடாமல் ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி, மதிலுக்கு அப்பால் ஓடையில் விழச் செய்தேன். குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு குச்சியையும் எறிந்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானம் அம்மாவின் சிவப்புக்கல் கம்மல் ஒன்றைக் காணவில்லை. முந்தின நாள் எண்ணெய்க் குளியலுக்குக் கழற்றி வைத்தது.

மறுநாள் அப்பா அவளை வரச்சொன்னார். வாசலில் மேசை போட்டுப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். அவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். கம்மல் என்றதும் அவள் முகம் தெளிந்ததுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

“அதுங்களா ஐயா, குப்பையில தலை சீவின முடிச்சுருளோட கெடந்துச்சு. உள்ள வரக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்கள்ல, அதான் ஈயத்தாள்ல சுத்தி மதில்மேல வச்சேன். அம்மா எடுக்கலீங்களா?”

“எடுத்தவதானே வைக்க முடியும்” என்றாள் அம்மா.

அப்பா எழுந்து போய் மதிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “நீ மதில்மேல ஏதாச்சும் பார்த்தியாடா?”

தங்கத்தை ஓடையில் தள்ளியவன் நான் என்று தெரிந்தால் முதுகுத்தோல் மிஞ்சாது என்று பயந்தேன். “இல்லீங்கப்பா” என்றேன். என் குரல் நடுங்கவில்லை என்பதை இத்தனை வருடம் கழித்தும் மறக்க முடியவில்லை.

அப்பா வெகுநேரம் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். சொந்த வீட்டுப் புகாரை மறைத்துவிட்டு மற்ற ஐந்து பேருக்காக மேலிடத்தில் பேச முடியாது என்று பிறகு அம்மாவிடம் சொன்னார். பேனா பதிவேட்டின்மேல் இறங்கியபோது அவள் கேட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள்.

“பேரை வெட்டிராதீங்கய்யா. அங்க ஒருக்கா வெட்டுனாங்க, தோட்டத்து லயத்து ஊட்டை விட்டுக் கப்பல்ல ஏத்திட்டாங்க. இந்த நாட்டுல எம்பேரை எழுதுனது நீங்க ஒருத்தர்தான்.”

அப்பா அந்தப் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். என் கணக்கு நோட்டில் நாள்தோறும் விழுகிற கோடுதான் அது. தப்பானால் அடித்துவிட்டுப் பக்கத்தில் திருப்பி எழுதிக்கொள்ளலாம். அதற்குப் போய் ஒருத்தி ஏன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மற்ற ஐந்து பேர் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிடங்குக்குள் போனார்கள். காவலாளியின் கம்பு அவள் ஒருத்திக்கென்றே ஆனது. இரண்டு வாரம் வெளியே நின்று பார்த்தாள். பிறகு கூடலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பின் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அவள் ஊரைவிட்டுப் போன நாளன்று காலை மதில்மேல் மறுபடியும் ஓர் ஈயத்தாள் பொட்டலம் இருந்தது. வீட்டில் இன்னும் யாரும் பார்த்திருக்கவில்லை. இந்த முறை பயப்படாமல் பிரித்தேன். உள்ளே இருந்தது என் பென்சில் சீவி. அழுக்குப் போகக் கழுவி, பிளேடு துருவேறாமல் துடைத்திருந்தது.

அம்மா சொன்னது சரிதான், எடுத்தவள்தானே வைக்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன். சீவியைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அந்த வருடம் முழுவதும் அதில்தான் பென்சில் சீவினேன்.