வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளை

அன்று கொட்டாஞ்சேனை பாமசியில், நான் வேலை செய்யும் மருந்துக் கடையில், இருந்தவர்கள்: காசு மேசையில் முதலாளி, திரைக்குப் பின்னால் பாமசிஸ்ட் மிஸ், கவுண்டரில் நான், பிரஷர் குளிசைக்குக் காத்திருந்த ஓர் அன்ரி, பிறகு அந்தப் பிள்ளை. வெளியே மழை. கண்ணாடி அலுமாரிகளில் மழை வெளிச்சம் ஊறி, கடையே தண்ணீருக்கடியில் மிதப்பதுபோல் இருந்தது.

பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். முதலில் பனடோல் கேட்டாள். பிறகு பஞ்சு. பிறகு இருமல் டொபி. வாங்கியும் போகாமல் அன்ரியையே பார்த்தபடி நின்றாள்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பிழையாக ஏதும் சொல்லிவிடுவேனோ என்று எந்நேரமும் மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் இந்த நிற்பு எனக்குப் பழக்கம். கரு உண்டாகாமல் தடுக்கும் அவசரக் குளிசை கேட்க வருகிறவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். அதைப் போடச் சுணங்கச் சுணங்கப் பலன் குறையும்.

"பிள்ளை எவடம்? ஆரின்ர மகள்?" என்றார் அன்ரி.

"வெள்ளவத்தை..." என்றவள் குடையை எடுத்தாள்.

அங்கே இல்லாத பாமசியா? அங்கே எல்லாருக்கும் இவள் அம்மாவைத் தெரிந்திருக்கும். இப்போது போனால் இன்னொரு நாள் போய்விடும்.

"தங்கச்சி, முகம் வெளிறிக் கிடக்கு. உள்ளுக்கு வாங்கோ, மிஸ் ஒருக்காப் பாக்கட்டும்" என்றேன்.

திரைக்குப் பின்னால் மிஸ் மெதுவாகக் கேட்டார். "எப்ப நடந்தது?"

"முந்தநாள். முதல் தரமெண்டா ஒண்டும் ஆகாதெண்டு அவர் சொன்னவர்."

"முதல் தரமெண்டு உடம்புக்குத் தெரியுமே? நேற்றே வந்திருக்கலாமே, பிள்ளை."

"நேற்றும் வந்தனான், மிஸ். கடைக்குள்ள ஆக்கள் நிண்டவை."

மிஸ் குளிசையையும் தண்ணீரையும் நீட்டினார். "இண்டைக்குப் போட்டாலும் சரி. ஆனா நூறு வீதம் எண்டு சொல்லேலாது. மூண்டு கிழமையில பீரியட்ஸ் வராட்டி டெஸ்ட் பண்ணோணும். இனி என்ன பாவிக்கிறதெண்டும் சொல்லித்தாறன், இருங்கோ."

நான் கவுண்டருக்குத் திரும்பியதும் அன்ரி விடவில்லை. "என்னவாம் அவவுக்கு?"

"சாப்பிடாம வந்திட்டாவாம், அன்ரி."

"டயட்டாக்கும்! இப்பத்தைக் குமருகளுக்கு விசர்."

கவுண்டரில் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பக்கத்தில் ஆள் நின்றால் பெட்டைகள் கேட்கமாட்டார்கள். ஏதாவது சாட்டுச் சொல்லி உள்ளே கூப்பிடுங்கள்.

அந்த மூன்று கிழமையும் எனக்குச் சரியான நித்திரை இல்லை. மழைச் சத்தம் கேட்டாலே அந்த முகம் மிதந்து வரும்.

பிறகு ஒரு பின்னேரம் வந்தாள். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நேரே என்னிடம் வந்து, எல்லாருக்கும் கேட்க, பீரியட்ஸுக்குப் பாவிக்கும் பேட் பக்கற் ஒன்று கேட்டாள். வழக்கம்போல் நான் பேப்பரில் சுற்றப் போனேன்.

"சுத்தாதேங்கோ அக்கா" என்று சிரித்தாள். "அப்பிடியே தாங்கோ."