முப்பத்தெட்டு வில்லைகள்

என் அக்கா புருஷனைப் படகுத்துறையில் எல்லாரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எந்நேரமும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் விசில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். ஒருமுறை அக்கா அதைத் துணியோடு சேர்த்து சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டாள். அன்று முழுக்க மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அவர் வேலை ஆட்களை எண்ணுவது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் ஆரம்பத்தில் வந்தது. காலையில் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய், பாட்டு, கூத்து, குடி, நீச்சல் எல்லாம் முடித்து சாயங்காலம் கொண்டுவந்து இறக்குகிற படகு எங்களுடையது. நாங்கள் மூன்று பேர். சக்கரத்தைப் பிடிக்கிற டிரைவர், கீழே என்ஜினோடு மல்லுக்கட்டுகிற நான், தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு மச்சான்.

இந்த எண்ணும் வியாதி அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். அக்கா, அவர்கள் மகள், நான், அவர் என்று நாலு பேரும் எங்காவது கிளம்பினால், பேருந்தில் ஏறியதும் கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்து, "மூணு. சரியா இருக்கு" என்பார். அப்புறம்தான் உட்காருவார்.

"உங்கள யாரு சேக்கிறது?" என்று அக்கா கேட்பாள்.

"நான் எங்கடி போகப் போறேன்?" என்பார். வருஷக்கணக்காக இதே கேள்வி, இதே பதில். நாங்களும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவோம்.

படகில் அவருடைய ஏற்பாடு எளிமையானது. பின்பக்கம், தண்ணீருக்கு இறங்குகிற ஏணிக்கு மேலே, ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் கயிறு கட்டிய ஒரு தகர வில்லை, அதில் ஒரு எண். நீந்தப் போகிறவர் தன் வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஏறியதும் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் தண்ணீரில் என்று அர்த்தம். மூன்று குட்டை விசில் அடித்தால் எல்லாரும் ஏற வேண்டும். பலகை நிறைந்ததும் அவர் நீளமாக ஒரு விசில் அடிப்பார், எல்லாரும் ஏறியாச்சு என்று. அதற்கு அப்புறம் டிரைவர் மணியை இரண்டு தட்டு தட்டுவான். நான் என்ஜினைப் போடுவேன். படகு நகர்ந்ததும் மச்சான் என்ஜின் அறையின் மூடியைத் தூக்கி, தலையை மட்டும் உள்ளே விட்டு, அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார். "முப்பத்தி ரெண்டு, மாப்ள." நான் பிளாஸ்க் மூடியில் ஊற்றி வைத்திருக்கும் டீயை எடுத்து நீட்டுவேன். பதினோரு வருஷம் இப்படித்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் போடுகிற சத்தத்தில் அந்த நீள விசில் பாதி நாள் கீழே எனக்குக் கேட்காது. அடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, மணியை மட்டும் நம்பி என்ஜினைப் போட்டுப் பழகிவிட்டேன். ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் அது தப்பாகவே தெரியவில்லை.

அன்றைக்கு வந்தது ஒரு ஆபீஸ் கூட்டம். முப்பத்தெட்டு பேர். எல்லாருக்கும் ஒரே பச்சை பனியன். அதில் இரண்டு பையன்கள் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி சேர்ந்தே திரிந்தார்கள். ஒருத்தன் கண்ணாடி போட்டவன். இன்னொருத்தன் மஞ்சள் தொப்பிக்காரன். குடித்தவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது மச்சானின் சட்டம். தொப்பிக்காரன் தண்ணீர் பாட்டிலில் வேறு எதையோ ஊற்றி வைத்துக்கொண்டு காலையிலிருந்தே தாகம் தீர்த்துக்கொண்டிருந்தான் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மதியத்துக்கு மேல், நாலைந்து பாறைகள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். எப்போதும் நீந்த விடுகிற இடம்தான். இரண்டு மணி நேரம் கத்தலும் கும்மாளமுமாகப் போனது. காற்று திரும்ப ஆரம்பித்ததும் டிரைவர், "போதும், கூப்பிடு" என்றான். மூன்று விசில். எல்லாரும் ஏறினார்கள். பலகை நிறைந்தது. முப்பத்தெட்டு.

மச்சான் நீள விசில் அடிக்கவில்லை. என்ஜின் அறையின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்ள, என்ஜினத் தொடாத. ஒருத்தன் தண்ணியில இருக்கான்."

"பலகை?"

"பலகை நெறஞ்சிருக்கு. அந்த மஞ்சத் தொப்பி ஏறினத நான் பாக்கல."

மேலே போய் அந்தக் கண்ணாடிக்காரனின் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அவன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். "கயிறு கழுத்த அறுக்குதுன்னு கழட்டிக் குடுத்தான் சார். நீ ஏறும்போது என்னோடதையும் மாட்டிடுன்னான். பின்னாலயே வருவான்னு நெனச்சேன்."

பாட்டு நின்றது. கக்கூஸ், சாமான் அறை, பெஞ்சுக்கு அடி என்று ஆளாளுக்குத் தேடினார்கள். டிரைவர் முன்பக்கம் போய் அடியில் எட்டிப் பார்த்துக் கத்தினான். நான் கீழேயே இருந்தேன். படகுக்குப் பின்னால், தண்ணீருக்கு அடியில் இருக்கிற விசிறி சுற்றினால், பக்கத்தில் இருக்கிற ஆளை இழுத்துக் கிழித்துவிடும். அதனால் சாவியைப் பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷமாகக் கடலில் பிழைத்தும் எனக்கு நீச்சல் தெரியாது. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என்னால் முடிந்தது அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு பெரிய கூச்சல். "கெடச்சிட்டான்! கெடச்சிட்டான்!" காலால் தளத்தை மிதித்து ஆடுகிற சத்தம். பையன் யாருக்கும் தெரியாமல் முன்பக்க நங்கூரக் கயிற்றைப் பிடித்து ஏறி, மேல்தளத்தில் மிதவைச் சட்டைகள் குவித்து வைத்திருந்த இடத்தில் புகுந்து, இரண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறான். பாட்டு மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக. நங்கூரம் ஏறுவது கேட்டது. மணி இரண்டு தட்டு.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. என்ஜினைப் போட்டேன்.

டீயை மூடியில் ஊற்றி வைத்தேன். மச்சான் வரவில்லை. பையனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருப்பார், கோபம் தணியட்டும் என்று இருந்தேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். டீயில் ஆடை படர்ந்துவிட்டது. எவ்வளவு கோபம் இருந்தாலும் எண்ணைச் சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை அவர். அது உறைத்ததும் மேலே ஓடினேன்.

எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகையில் முப்பத்தெட்டு வில்லையும் டிங் டிங் என்று ஆடிக்கொண்டிருந்தன. டிரைவரிடம் போய், "மச்சான் எங்க?" என்றேன்.

"கீழ உன்கூட இல்லையா?"

அவன் பேயறைந்தவன் மாதிரி ஆகிவிட்டான். "பலகை நெறஞ்சிருந்துச்சு," என்று மட்டும் சொன்னான். பலகையில் பயணிகளுக்குத்தான் ஆணி. எங்கள் மூன்று பேருக்கும் ஆணி கிடையாது.

நான் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். "விசில் எங்கடா? யாராவது பாத்தீங்களா?"

நாலு பேர் பார்த்திருந்தார்கள். நாலு பேரும் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். பாறைப் பக்கம் மஞ்சளாக ஒன்று மிதப்பதைப் பார்த்து, "அதோ" என்று கத்தி, மச்சான் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்திருக்கிறார். கயிறு பிடித்து ஏறும்போது அந்தத் தறுதலையின் தலையிலிருந்து விழுந்த தொப்பி அது. அவர் தொப்பியைத் துரத்திக்கொண்டு நீந்தினார். பையன் படகிலேயே கிடைத்தான். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆடினார்கள். நான் என்ஜினைப் போட்டேன்.

"அவர் விசில் அடிச்ச மாதிரி இருந்துச்சு," என்றது ஒரு பெண், தலையைக் குனிந்துகொண்டு. "பாட்டுலதான் வருதுன்னு நெனச்சேன்."

டிரைவர் படகைத் திருப்பினான். கரைக்கு வயர்லெஸ்ஸில் சொன்னான். மீட்புப் படகு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, அலை எழும்பிவிட்டது. காற்றுக்கு எதிரே திரும்பிப் போன அந்த இருபது நிமிஷமும் நான் அக்காவிடம் சொல்லப் போகிற வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அமையவில்லை. எப்படித் திருப்பிப் போட்டாலும் அது "நான்தான் என்ஜினப் போட்டேன்" என்பதில் போய் நின்றது.

பாறைக்குப் பக்கத்தில் வந்ததும் என்ஜினை நிறுத்தினேன். எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு "விசில்! விசில்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். பதில் இல்லை. டிரைவர் பெரிய விளக்கைப் பாறைமேல் அடித்தான். அங்கே அந்தத் தொப்பி இருந்தது.

அலை அடித்து ஒதுக்கியது இல்லை அது. பாறையின் உச்சியில், காற்றுக்குப் பறக்காமல், மேலே ஒரு கல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது.

மனிதர் பாறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். ஏறி உட்கார்ந்திருந்தால் பத்திரமாக இருந்திருப்பார். தொப்பியைப் பத்திரப்படுத்திவிட்டு, தொப்பிக்குச் சொந்தக்காரனைத் தேடி மறுபடி தண்ணீரில் இறங்கியிருக்கிறார். படகு கிளம்பிப் போனதைப் பார்த்திருப்பாரோ என்னவோ. பையன் கிடைத்துவிட்டான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? இன்னும் எங்கேயோ மூழ்கி மூழ்கித் தேடிக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் வர மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் அவர் வர மாட்டார்.

"எல்லாரும் வாய மூடுங்க!" என்று கத்தினேன். தொப்பிக்காரனின் கையைப் பிடித்து மேல்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். போதை எல்லாம் இறங்கி நடுங்கிக்கொண்டிருந்தான். "விளக்க இவன் மூஞ்சியில அடி," என்று டிரைவரிடம் சொன்னேன். "டேய், கத்து. நான் ஏறிட்டேன், படகுல இருக்கேன்னு கத்து."

"சார்..."

"கத்துடா!"

கத்தினான். "நான் இருக்கேன்! நான் ஏறிட்டேன்! இங்கதான் இருக்கேன்!" முதலில் அழுகையாக வந்தது, அப்புறம் குரல் உடைந்து, வெறும் காற்றாக வந்தது. விட்டால் உட்கார்ந்துவிடுவான் என்று நான் அவன் பனியனைப் பின்னாலிருந்து பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருட்டுகிற கடலைப் பார்த்துக்கொண்டு, இனி இல்லை, அவ்வளவுதான் என்று ஒரு இடத்தில் நானே முடிவுகட்டிவிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது, பாறைகளுக்கு அந்தப் பக்கமிருந்து விசில் கேட்டது.

காப்பாற்று என்று கூப்பிடுகிற விசில் இல்லை. மெல்லியதாக, நடுவில் தண்ணீர் புகுந்து கரகரத்து, ஆனால் நீளமாக, ஒரே ஒரு விசில். எல்லாரும் ஏறியாச்சு, கிளம்பலாம்.

பதினோரு வருஷத்தில் நான் அவ்வளவு தெளிவாகக் கேட்ட நீள விசில் அது ஒன்றுதான்.

டிரைவர் விளக்கை அந்தப் பக்கம் திருப்பினான். அலைக்கு நடுவில் தலை தெரிந்தது. கயிறு கட்டிய மிதவை வளையத்தை மூன்று முறை எறிந்தான். மூன்றாவதுதான் அவர் கைக்கு எட்டியது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தோம். முழங்கை இரண்டும் பாறையில் உரசித் தோல் கிழிந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஏணியில் கால் வைக்க முடியாமல் இரண்டு தரம் நழுவினார். தூக்கித்தான் போட்டோம்.

தளத்தில் கிடந்தபடியே கையை நீட்டினார். தொப்பிக்காரன் மண்டியிட்டு உட்கார்ந்தான். அறைவார் என்று நினைத்தேன், அறையட்டும் என்றுகூட நினைத்தேன். அவன் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் என்னைத் தேடித் திரும்பி, பல் கிட்டிக்க, "முப்பத்தெட்டு, மாப்ள. என்ஜினப் போடு," என்றார்.

என்னால் போக முடியவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றும் இல்லாமல் வாய்விட்டு அழுதேன். "உங்கள யாரு மச்சான் எண்ணுனது? உங்கள யாரு எண்ணுனது?"

அவர் ஏதோ வேடிக்கையாகக் கேட்டுவிட்டேன் என்பது போலப் பார்த்தார். "நான் எங்க மாப்ள போகப்..." என்று ஆரம்பித்தார். பழக்கத்தில் வாய் அந்தப் பக்கம் போய்விட்டது. பாதியில் நின்றது. கம்பிக்கு வெளியே அந்தக் கறுத்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்தார்.