ராஜாம்பாள் மூடாத கிணறு

உப்பளம் பகுதியில் எங்கள் தெருவில் ராஜாம்பாள் அக்காவிடம் திட்டு வாங்காத வீடு கிடையாது. தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு, கேட்காமல் உள்ளே நுழைந்து நேரே அடுப்படிக்குப் போவார். மண்ணெண்ணெயைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் தொலைந்தோம். "கலருன்னு நெனச்சிப் புள்ள குடிச்சிட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். அவர் தலை தெரிந்தாலே பாட்டில்கள் பரண்மேல் ஏறிவிடும். அக்காவுக்கும் வேண்டியது அதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவர். தீயில் வெந்ததும், மாடியிலிருந்து விழுந்ததுமாக வந்த பிள்ளைகளை அங்கே தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார். எழுபத்தாறாம் வருஷம், வீடு வீடாகப் போய் விபத்து நடக்காமல் இருக்க வழி சொல்லும் வேலை ஒன்று வந்தபோது முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார். பைக்குள் கருகிய பாவாடைத் துண்டு ஒன்று வைத்திருந்தார். எல்லாம் பேசி முடித்தபின் அதை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் விரிப்பார். "இது யாருதுக்கா?" என்று கேட்டால் பதில் வராது. மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போய்விடுவார். மறுநாளே அந்த வீட்டு ஸ்டவ் தரையிலிருந்து மேடைக்குப் போயிருக்கும்.

கிணறுகளையும் அவர் விடவில்லை. வீட்டுக்காரர்களையும் மேரியையும் (எங்கள் ஊரில் நகராட்சியை அப்படித்தான் சொல்வோம்) நச்சரித்து, தெருவில் எல்லாக் கிணறுகளுக்கும் கம்பி வலை போட வைத்தார். போடாத கிணறு ஒன்றே ஒன்று. அது அவர் வீட்டுக் கிணறு.

சரியாகச் சொன்னால் பாதிக் கிணறு. மறுபாதி எங்களுடையது. இரண்டு வீடும் ஒரு காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தாவின் ஒரே வீடு. அவருடைய பிள்ளைகள் பாகம் பிரித்தபோது கிணற்றைக்கூட விடாமல் குறுக்கே கல் உத்திரம் போட்டு அதன்மேல் சுவர் எழுப்பிவிட்டார்கள். தண்ணீர் ஒன்று, வாய் இரண்டு. உத்திரத்துக்குக் கீழே, கைப்பிடிச்சுவர் மட்டத்தில் ஒரு சின்னச் சந்து உண்டு. அந்தப் பக்கம் யாராவது பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

எழுபத்தொன்றில், நாங்கள் குடிவருவதற்கு முன்பு, அக்காவின் ஒரே மகள் அஞ்சலாட்சி அந்தக் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயசு. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வம் அல்லவா? வெள்ளிக்கிழமை தவறாமல் கிணற்றின் கைப்பிடிச்சுவரில் மஞ்சள் தெளித்து, சின்னதாகப் பாவாடை சட்டை, சிவப்பு வளையல், பொரி உருண்டை எல்லாம் வைத்துப் படைப்பார் அக்கா. "சாப்புடு கண்ணு" என்று அவர் சொல்வது எங்கள் பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து வரும். இத்தனை வருஷத்தில் எனக்கு அது பழகவே இல்லை.

எங்கள் சின்னப்பாப்பா நடக்கத் தொடங்கியதும் நான் எங்கள் பாதிக்கு வலை போட்டேன். அவளுக்கு மூன்று வயசானபோது அக்காவிடமும் மறுபடி சொல்லிப் பார்த்தேன்.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்க, உங்களுத மட்டும் ஏங்க்கா தொறந்து வச்சிருக்கீங்க?"

"மூடிட்டா அவ எப்புடி வருவா சுலோச்சனா?"

"வராளா?"

"உருண்டை காணாமப் போவுதே. இப்ப ரெண்டு மாசமா வாராவாரம் போவுது."

"காக்கா தூக்கியிருக்கும்."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

எண்பத்திரண்டு, மாசி மகம் முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். நான் மாடியில் வடகம் காய வைத்துக்கொண்டிருந்தேன். வலை போட்ட தைரியத்தில் பாப்பாவைக் கொல்லையில் விளையாட விட்டிருந்தேன். அக்கா வேலையிலிருந்து சாப்பிட வந்தவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். அதற்குப்பின் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

கிணற்றுக்குள் வளையல் சத்தம் கேட்டதாம். பார்த்தால், உத்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்திருக்கிறது. சிவப்பு வளையல். விரல்கள் கைப்பிடிச்சுவரைத் தடவித் தடவி உருண்டையைத் தேடுகின்றன. மதில்மேல் காக்கா இல்லை, தெருவில் சத்தம் இல்லை. அக்கா பயப்படவில்லை. பதினோரு வருஷமாகக் காத்திருந்தவர் எதற்குப் பயப்பட வேண்டும்? கிட்டே போய் அந்தக் கையைப் பிடித்தார். "வந்துட்டியாடி? வாம்மா, வெளிய வா" என்று மெதுவாக இழுத்தார்.

கை சூடாக இருந்தது.

இழுத்த இழுப்பில் சந்து வழியாகத் தலை வந்தது. சின்னப்பாப்பாவின் தலை. மகத்துக்கு நான் வாங்கிப் போட்ட வளையல்தான் அது. துவைக்கிற கல்லில் ஏறி, நான் போட்ட வலைமேலேயே தவழ்ந்து, உருண்டைக்காக அவள் வாராவாரம் வந்திருக்கிறாள். இப்போது உடம்பு இடுப்புவரை அந்தப் பக்கம் தொங்கியது. கீழே வலை இல்லை, தண்ணீர்தான்.

அக்கா போட்ட கூச்சலில் நான் எப்படிப் படி இறங்கினேன், எப்படி அடுத்த வீட்டுக்குள் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வளையல் உடைந்து அவர் உள்ளங்கையில் ரத்தம். நான் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவளே என்றேன். என் பிள்ளையையும் காவு கேட்கிறாயா என்றுகூடக் கேட்டுவிட்டேன். பாப்பாதான் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மாவத் திட்டாத. அக்கா சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

"எந்த அக்காடி?"

அவள் கிணற்றைக் காட்டினாள். "உள்ள இருக்கே, அந்த அக்கா. எப்பவும் சொல்லும், கிணத்தாண்ட வராத போயிடு, அம்மா அடிக்கும்னு."

அக்கா அவளையே பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "கிணத்தாண்ட போவாத, அடிப்பேன்னு நான்தான் அஞ்சலாட்சிகிட்ட தெனமும் சொல்லுவேன்."

தண்ணீர் வழியாக வந்த அக்காவின் பேச்சைக் கேட்டுக் குழந்தை எதையோ சேர்த்துச் சொல்லியிருக்கும் என்று நான் இன்றுவரை எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கிணற்றடியில் அக்கா "சாப்புடு கண்ணு" என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையிலேயே கொல்லர் கம்பி வலையோடு வந்தார். அவர் கம்பியை முறுக்கி முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றார். அழுதார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. "இத்தினி வருசமா நீயும் இதையேதான் சொல்லிக்கினு இருந்தியாடி?" என்று ஒருதரம் கிணற்றைக் கேட்டார். கொல்லர் ஒன்றும் காதில் விழாத மாதிரி வேலையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அக்காவின் பையில் இரண்டு துணிகள் இருந்தன. ரெட்டியார்பாளையம் பக்கம் புது வீடுகள் எழும்பி, திறந்த கிணறுகள் தோண்டிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு வீட்டுக்கு அவரோடு நானும் போயிருந்தேன். அக்கா கிணற்றின் கைப்பிடிச்சுவரில் கருகாத, முழுசான, சின்னப் பாவாடை ஒன்றை விரித்தார். ஓரத்தில் மஞ்சள் கறை. அந்த வீட்டுப் பெண், இடுப்பில் குழந்தையோடு, வழக்கமாக எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"இது யாருதுக்கா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா பதில் சொன்னார்.

"எம் பொண்ணுதும்மா. கிணத்த மூடச் சொல்லி அவதான் என்னை அனுப்புனா."