வெர்மிகுலைட் மூட்டையும் உமிச்சாம்பலும்

செயல்முறை விதி, பிரிவு ஏழு: லேசர் முடிந்ததும் பாகத்தை உடனே வெர்மிகுலைட்டில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். வேறு பொருளில் ஆறவிட்டால் விலகல் அறிக்கை எழுதி, தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரும்வரை பாகத்தை வெளியே விடக் கூடாது.

இதை எழுதியவன் நான்தான். அதனால் குழப்பத்துக்கு இடமில்லை என்று நம்பியிருந்தேன்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் பட்டறை. நான் தரப் பரிசோதகர். சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலை ஃபாக்டரி ஒன்றிலிருந்து, ரோலர் மெஷினின் தேய்ந்த தண்டுகள் இரண்டு வந்தன. தெர்மல் ஸ்ப்ரேயில் நிக்கல் அலாயை உருக்கித் தெளித்துப் பூசினோம். ஸ்ப்ரே செய்த பூச்சு மேலே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்; லேசர் அதை உருக்கித் தண்டோடு சேர்க்கும். சட்டென்று ஆறினால் பூச்சு வெடித்துக் கீறல் விடும்; அதைத் தடுக்கத்தான் சூட்டைப் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள், மூட்டையாக வரும்.

லேசர் ஆபரேட்டர் வேலுச்சாமி முதல் தண்டை விதிப்படி வெர்மிகுலைட்டில் புதைத்தார். மறுநாள் கீறலைக் காட்டும் சிவப்பு டை தடவிப் பார்த்தேன். நீளவாக்கில் மூன்று கீறல். இரண்டாவது தண்டில் ஒன்றுகூட இல்லை. ஒரே பூச்சு, ஒரே லேசர், ஒரே கை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வேலுச்சாமியைக் கேட்டேன்.

"ஏனுங்க சார், அந்த மூட்டை நசநசன்னு இருந்துதுங்க. ரெண்டாவத எங்கூட்டுப் பக்கத்து ரைஸ்மில் உமிச்சாம்பல்ல பொதைச்சேனுங்க. சொன்னா விடமாட்டீங்கன்னு சொல்லலைங்க."

அவர் ஒப்பந்தத் தொழிலாளி. விலகல் நிரூபணமானால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அதுவும் நான் எழுதிய விதி.

விலகல் அறிக்கையை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அன்றே எஸ்டேட் ஃபிட்டர் அந்தோணி ஜீப்பில் வந்து இறங்கினார். மெஷின் நின்றுபோய்க் கொழுந்து குவிந்து கிடக்கிறதாம். இரண்டு தண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீறல் உள்ளத விதிப்படி தருவீகளா, கீறல் இல்லாதத விதிய மீறித் தருவீகளா? எதுன்னாலும் இப்பவே சொல்லுங்க சார், மழைக்கு முன்ன மலையேறணும்."

என் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு நல்ல தண்டைக் கொடுத்தேன். அதுவும் விதிமீறல்தான்.

பிறகு இன்னொரு விதி ஞாபகம் வந்தது. விலகல் கோப்பு நிலுவையில் இருக்கும்வரை சம்பந்தப்பட்டவரை நீக்கக் கூடாது. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்றும் ஒன்று உண்டு. என் சர்வீஸில் நான் அனுப்பாமல் விட்ட நினைவூட்டல் அது ஒன்றுதான். கோப்பு நிலுவையிலேயே கிடக்க, வேலுச்சாமியின் ஒப்பந்தம் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது.

அன்று வெடிக்க வைத்தது ஈரமா, அல்லது அந்தத் தண்டின் இரும்பே வேறா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: வெர்மிகுலைட் என்று எழுதிய நான், உலர்ந்த வெர்மிகுலைட் என்று எழுதவில்லை.

நான் ஓய்வு பெற்றபின் பதில் வந்தது. வேலுச்சாமியே அதைப் படமெடுத்து அனுப்பினார். உமிச்சாம்பலுக்கு ஆட்சேபணை இல்லை, தண்டை இனி அனுப்பலாம் என்றிருந்தது. வந்த தேதி ஜூன் மூன்று. தண்டு மலையேறிச் சரியாக இரண்டு வருஷம் முடிந்த அன்று.