டிரம்காரர் இறந்த அன்று

மகளின் பனியனில் அந்த இங்கிலாந்து ராக் குழுவின் படம். "இவங்களைக் கேட்டுத்தான் உலகத்துல பாதிப் பேர் கிடாரையே தொட்டாங்கம்மா" என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். சின்னக் கூடங்களில் தொடங்கி மைதானங்களை நிரப்பியவர்கள் என்ற கதையை, அவள் பிறப்பதற்கு முன்பே என் தம்பி சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது.

தரங்கம்பாடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போன அவன் சிநேகிதன், டேப் ரிக்கார்டரும் அந்தக் குழுவின் கேசட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தான். தம்பிக்குப் பாட்டு புரியாது, டிரம் புரிந்தது. "இவரு நம்ம ஆளு மாதிரியே அடிக்கிறாருக்கா" என்பான்.

அப்போது எங்கள் தெருவில் யாரும் பறையைத் தொடக் கூடாது. மிராசுதார் வீட்டுச் சாவுக்கு நாங்கள் அடித்தே ஆக வேண்டும் என்ற வழக்கத்தைக் கூலிப் போராட்டத்தோடு சேர்த்து முறித்திருந்தோம். பறைகளை வாய்க்கால் கரையில் குவித்துக் கொளுத்தினோம். சங்கத்தில் பெண்களுக்கு நான்தான் பொறுப்பு. தம்பி ஒன்றை மட்டும் வைக்கோல் போரில் ஒளித்தது எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

ஒரு காலையில் வானொலியில் செய்தி வந்தது. அந்த டிரம்காரர் இறந்துவிட்டார். தம்பி சோற்றைத் தொடவில்லை. "பறைச் சத்தம் இல்லாம ஒரு மனுசனை எப்படிக்கா அனுப்புறது?" என்றான். பம்ப்செட் கொட்டகைக்குப் போய், ஒளித்த பறையின் தோலை வைக்கோல் தீயில் காய்ச்சி அடிக்க ஆரம்பித்தான்.

அன்றைக்கென்று பார்த்து மிராசுதாரின் அம்மாவும் இறந்திருந்தார். அது தம்பிக்குத் தெரியாது. அந்தச் சாவுக்குத்தான் அடிக்கிறான் என்று தெருவே கொட்டகைக்குத் திரண்டு ஓடியது. பறையைக் கிழித்தார்கள். "வெள்ளைக்காரருக்கு அடிச்சேன்" என்று அவன் சொன்னதற்குச் சிரித்தார்கள்.

சங்கத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. யாருக்கு அடிச்சான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால், ஒளித்து வைத்ததும் தெரியும் என்றாகிவிடும். என் பொறுப்பு போய்விடும்.

"தெரியாதுங்க" என்றேன். அதற்காக இன்றும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

தெருவில் யாரும் அவனோடு பேசவில்லை. அந்தக் குழுவும் கலைந்துவிட்டதென்று பிறகு கேள்விப்பட்டோம்; அதைச் சொல்லி அழ அவனுக்கு ஆள் இல்லை. ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். பம்பாய் போகிறானாம்.

"உனக்குக்கூடவா தெரியாதுக்கா?" என்றான்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை. அவன் திரும்பி வரவேயில்லை. போகும்போது முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.