முப்பத்தேழாம் பக்கத்துப் புள்ளி

நூலகத்திலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாலும் முதலில் முப்பத்தேழாம் பக்கத்தைத்தான் திறப்பேன். முன்னுரை, பின்னட்டை எல்லாம் பிறகு. அந்தப் பக்கத்தின் கீழே, இலக்கத்துக்கு அருகில், பென்சிலால் வைத்த ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அந்தப் புத்தகத்தை மாமா வாசித்திருக்கிறார் என்று அர்த்தம். மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். அவர் காலமாகி நாலு வருடமாகிறது. போன சனிக்கிழமையும் ஒரு தடித்த நாவலை எடுத்துவந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே கண்டது இந்த ஒரு கிழமையாக என்னை ஆட்டிவைக்கிறது. அதைச் சொல்லுமுன் ஓர் அழிறப்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நூலகமே கதியென்று கிடப்பவர்களுக்கு இந்தப் புள்ளி விஷயம் புதிதல்ல. ஒரே அலமாரிகளை வருடக்கணக்காகச் சுற்றி வந்தால் எதை வாசித்தோம், எதை விட்டோம் என்பது குழம்பிப்போகும். அதனால் ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு அடையாளம். ஒருவர் பதினோராம் பக்கத்தில் சரி போடுவார். இன்னொரு அம்மா ஐம்பதாம் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதுவார். நூலகர் கண்டால் ஏசுவார், ஆனாலும் யாரும் விட்டபாடில்லை. மாமாவின் பக்கம் முப்பத்தேழு. இந்த வெள்ளவத்தைக்கு வருமுன், நகரின் மறுகோடியில், அவர் நெடுங்காலம் குடியிருந்த கொட்டாஞ்சேனை வீட்டின் இலக்கம் அது. ஒருமுறை வாசித்து முடித்தால் ஒரு புள்ளி, மறுபடி எடுத்து வாசித்தால் பக்கத்தில் இன்னொன்று. "வீட்டு நம்பரை ஆரும் மறப்பினமே, பிள்ளை?" என்பார்.

கலியாணமாகி அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் நான் போனபோது, அங்கே புத்தகம் வாசிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். என் கணவருக்குக் கிரிக்கெட் இருந்தால் போதும். காலையில் பிளேன்டீயோடு பல்கனிக் கதிரையில் மாமா உட்காருவார். கடற்கரைப் பாதையில் ரயில் தடதடத்துப் போகும்போது வாசித்துக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்து, சத்தம் ஓயும்வரை காத்திருப்பார். நான் குசினி வாசகி. பருப்பு அவிகிற நேரத்தில் அரிசி டின்னில் புத்தகத்தைச் சாய்த்துவைத்து நாலு பக்கம், தாளிக்கும்போது இரண்டு பக்கம். நான் வாசித்துவிட்டுக் கொடுக்கிற புத்தகங்களுக்குள் செத்தல் மிளகாய் விதை கிடக்கும். அதைப் பொறுக்கிக் காட்டி, "இந்த அத்தியாயத்தில நல்லாச் சமைச்சிருக்கிறீர்" என்று பகிடி பண்ணுவார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குடையும் துணிப்பையுமாக நூலகத்துக்கு வெளிக்கிடுவார். அவருடைய அட்டைக்கு இரண்டு, என்னுடைய அட்டைக்கு இரண்டு. எனக்கு எது பிடிக்கும் என்று என்னைக் கேட்டதே இல்லை. நாலில் மூன்று சரியாக இருக்கும்.

நான் பயந்த சுபாவம். காஸைப் பூட்டினேனா என்று மூன்று தரம் பார்க்காமல் வெளியே போகமாட்டேன். மாமா காலி வீதியைக் கடந்து போக வேண்டும் என்பதே எனக்கு ஒரு சனிக்கிழமை நோய். அந்த பஸ்காரர்கள் ஓடுகிற ஓட்டத்தை வெள்ளவத்தைக்காரர் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. "கவனமாப் போய்ட்டு வாங்கோ, மாமா" என்று சொல்லிவிட்டு, ஒழுங்கை முனையில் குடை மறையும்வரை பல்கனியில் நிற்பேன்.

ஒருநாள் அவர் லிஃப்டில் தவறி நாலாம் மாடிக்குப் போய், அந்த வீட்டு மணியை அடித்து, கதவைத் திறந்த பெண்ணிடம் "நீங்கள் ஆர்?" என்று கேட்டிருக்கிறார். அன்று மாலை என் கணவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இன்னொருக்கா இப்பிடி நடந்தா அப்பாவைத் தனிய வெளியில விடமாட்டன்." அவர் சொன்னால் சொன்னதுதான். சனிக்கிழமை நடையை நிறுத்தினால் மாமாவிடம் என்ன மிஞ்சும்?

அதற்குப் பின்தான் நான் கவனித்தேன். "புதுசா ஒண்டு கிடைச்சது" என்று அவர் சந்தோஷமாகக் கொண்டுவந்த புத்தகத்தின் முப்பத்தேழாம் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று புள்ளிகள். அடுத்த கிழமை வந்ததிலும் இரண்டு. ஐந்தாறு புத்தகங்களையே மாற்றி மாற்றி எடுத்துவந்துகொண்டிருந்தார். ஒரு மத்தியானம் வாசித்து முடித்து, புள்ளி வைக்கப் பக்கத்தைத் திறந்தவர், பென்சிலைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். அன்று சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்க என்னால் முடியாது. கணவர் கண்ணில் அது படவும் கூடாது. திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளை அழிறப்பர் கொண்டுவந்தேன். அதன்பின் சனிக்கிழமைகளில் மாமா மத்தியானம் கண்ணயரும் நேரம் பார்த்துப் பழைய புள்ளிகளை அழித்துவிடுவேன். அவரும் வாசித்து முடித்து, வெறும் தாளில் நிம்மதியாக ஒரு புள்ளி வைப்பார். பெரிய உபகாரம் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவற்றில் ஒன்று வெளிச்சவீட்டுக் காவலாளி ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய நாவல். எது மறந்தாலும் அந்தக் கதை மட்டும் அவருக்கு மறக்கவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "பிள்ளை, இது நான் வாசிச்ச புத்தகம். வடிவா ஞாபகம் இருக்கு. ஆனா புள்ளியைக் காணேல்லை."

அதில் நான் அழித்தது நாலு புள்ளி. தலையைக் குனிந்துகொண்டு, "அது வேற பிரதியா இருக்கும், மாமா" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "ஓம், அப்பிடியும் இருக்கும்" என்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போனவர் பதினொன்றாகியும் வரவில்லை. நூலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இன்று வரவே இல்லை என்றார்கள். செருப்பு மாறிப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல் காலி வீதிக்கு ஓடினேன். மருந்துக்கடை, பூக்கடை, பஸ் தரிப்பிடம் என்று எல்லா இடமும் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டேன். எங்கோ பிரேக் கிறீச்சிட்டால் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. வேலைக்குப் போயிருந்த கணவருக்குச் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். ஒரு மணியளவில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கதைத்தாள். "உங்க மாமா இங்க கொட்டாஞ்சேனையில எங்க வீட்டுல இருக்காரு. பயப்படாதீங்க, டீ குடிக்கிறாரு. லைப்ரரி கார்டுக்குப் பின்னால உங்க நம்பர் இருந்திச்சு."

அவர் இருந்தது முப்பத்தேழாம் இலக்க வீட்டில். வேறு ஆட்கள் குடியிருக்கும் அந்த வீட்டின் முன்விறாந்தையில், மடியில் வெளிச்சவீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். "இது எங்கட லைப்ரரிப் புத்தகம் இல்லை, பிள்ளை. அங்கத்தைப் புத்தகம் எண்டா புள்ளி இருக்கும். இஞ்ச இருந்த வாசிகசாலையில எடுத்ததாக்கும் எண்டு குடுக்க வந்தனான். வாசிகசாலையைக் காணேல்லை." வாசிகசாலை இருந்த இடத்தில் தரை ஓடு விற்கிற கடை வந்து எத்தனையோ வருடம். அவரை அங்கே அனுப்பி வைத்தது நான் சொன்ன பொய்.

ஓட்டோவில் திரும்பி வரும்போது அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, புள்ளி இருந்த இடத்தில் பெருவிரலால் தடவினார். தாள் அங்கே நொய்ந்து, கொஞ்சம் வெளுத்திருந்தது.

"அழிச்சனீரோ?"

"ஓம், மாமா."

பொரளைச் சந்தி தாண்டும்போது அவர் புத்தகத்தை மூடினார். பிறகு, கோபமில்லாமல் சொன்னார்: "நான் மறக்கிறன் எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. எவ்வளவு மறக்கிறன் எண்டதை அந்தப் புள்ளிதான் எனக்குச் சொல்லும். அதை நம்பித்தான் தனிய வெளிக்கிட்டனான்."

எனக்கு அழுகை வந்தது. மன்னியுங்கோ என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்பது இப்போது நினைவில்லை. அன்றோடு அவருடைய சனிக்கிழமைகள் முடிந்தன. கணவர் தான் சொன்னதைச் செய்தார். அழிறப்பரைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவில்லை, மாமாவும் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு இரண்டு வருடம் நானே புத்தகம் எடுத்து வந்தேன். முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, எனக்கு முன்னால்தான் புள்ளி வைப்பார்.

அவர் போன பின் எனக்கும் ஒரு பழக்கம் வந்தது. அவர் வாசித்த புத்தகம் ஒன்றை நான் வாசித்து முடித்தால், அவருடைய புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போடுவேன். போன சனிக்கிழமை எடுத்து வந்த தடித்த நாவல் ஒரு ரயில்வே குடும்பத்தின் கதை. முப்பத்தேழாம் பக்கத்தில் மாமாவின் இரண்டு புள்ளிகள். அவற்றுக்குப் பக்கத்தில் என்னுடைய கோடு.

அந்தக் கதையில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயதுதான். வேலைக் களைப்பில் ஒரு கதை மறந்துபோவது பெரிய காரியமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த கணவர், "புதுசோ?" என்று கேட்டார். "ஓம், புதுசு" என்றேன்.

ஐந்து நாள் வாசித்தேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும், இனி வருவது ஞாபகம் வரும், இனி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நல்ல நாவல்தான், ஆனால் ரசிக்க முடியவில்லை. அழிறப்பர் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. நேற்று இரவு முடித்ததும் லாச்சியைத் திறந்து பென்சிலை மட்டும் எடுத்தேன். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவதை நன்றாக அழுத்திப் போட்டேன். பிறகு பக்கத்தை விரித்தபடி கணவரிடம் கொண்டுபோனேன்.

"இதை ஒருக்காப் பாருங்கோ. இது மாமாவின்ர புள்ளி. இது என்ர கோடு, ரெண்டு இருக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.