அப்பாவின் கை படாமல் போன கால்

கதிர்காமத்து முருகன் துணை.

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. மலைப்பாதையில் சிரமப்பட்டு வந்து, திவசத்தில் இருந்து, ஒரு வாய் சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகனாகிய என் வணக்கம்.

இத்தகைய மலரில் மூத்த மகன் என்ன எழுதுவான் என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பனார் தங்கமானவர், தர்மவான், அவர் இல்லாமல் வீடு இருண்டு கிடக்கிறது என்று எழுதுவான். நானும் அப்படித்தான் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை, ஆனால் எழுத வேண்டியது அதில் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் என் தங்கையின் கணவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"மச்சான், எங்க கல்யாணத்துல மாமா ஏன் பாதபூசைக்கு வந்து உக்காரல?"

இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனவன்தான், திரும்பி வரவில்லை. அவர் வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போனார். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். அந்தக் கல்யாணத்தில் இருந்தவர்கள் உங்களில் பாதிப் பேருக்குமேல் இருப்பீர்கள். உங்கள் முன்னிலையில் எழுதினால்தான் எனக்கும் மனம் ஆறும்.

அப்பா பிறந்தது திருச்சிராப்பள்ளிச் சீமையில், காவிரித் தண்ணீர் எட்டிப் பார்க்காத ஒரு வறண்ட கிராமம். பதினான்கு வயதில் தம் அண்ணனோடு, அதாவது எங்கள் பெரியப்பாவோடு, கடல் தாண்டி இலங்கையின் மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்தே இந்த மலைக்கு வந்தார். தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் ஒரு கங்காணியின் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தார்களாம். வழியில் ஒருவருக்குப் பாதம் வீங்கி வெடித்துப் போயிற்று. ஒரு மரத்தடியில் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் கொஞ்சம் அரிசியும் வைத்துவிட்டுக் கூட்டம் நடந்துவிட்டது. பெரியப்பா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இதை அப்பா எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

பெரியப்பா பதுளைக் கடைவீதியில் துணிக்கடை போட்டார். அப்பாவுக்குத் துணி அளக்க வரவில்லை. தாராளமாக அளந்துவிடுவார் என்று பெரியப்பா திட்டுவார். சில வருடங்களில் அப்பா கடையை விட்டு ஆஸ்பத்திரியில் காயம் கழுவிக் கட்டுகிற வேலையில் சேர்ந்துவிட்டார். செட்டாகத் துணி வியாபாரம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு இது என்ன தலையெழுத்து என்று நம் சனம் பேசியது. கடைவீதியில் அவருக்குப் 'புண்ணு டாக்டர்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். வைத்தவர்களில் சிலர் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கட்டும், அப்பாவே அதைக் கேட்டுச் சிரித்தவர்தான்.

ஆஸ்பத்திரியில் அவர் ஒன்றைக் கவனித்தார். காய்ச்சல், வயிற்றோட்டம் என்றால் தோட்டத்துச் சனங்கள் எப்படியாவது இறங்கி வந்துவிடுவார்கள். கால் கெட்டால் மட்டும் வரவே மாட்டார்கள். வருவதற்கும் அந்தக் கால்தானே வேண்டும்! அட்டைக் கடி சொறிந்து புண்ணானது, சேற்றுப்புண், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை பாதத்தில் ஏறியது, சரிவில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது என்று எல்லாவற்றையும் தாங்கள் குடியிருக்கும் லயத்து அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி மலையேறுவார்கள். அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று அப்பா புறப்பட்டார். தோட்டத்துத் துரைமாரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, தோளில் ஒரு பையோடு நமுனுகுலை மலைக்கும், அந்தப் பக்கம் கொஸ்லந்தை வரைக்கும் நடந்தார். முப்பது வருடத்துக்குக் குறையாமல் நடந்தார்.

அவர் வேலை செய்த விதத்தை நான் சின்ன வயதில் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் ஆளெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகும் ஈரப் பாதையில் குனிந்து நிற்பார். சனங்கள் நடந்து போன தடத்தைப் பார்ப்பார். குதிகால் பதியாத தடம், ஒரு பக்கம் மட்டும் அழுந்திய தடம் எல்லாம் அவருக்குக் கணக்கு. யாருக்குக் காலில் கோளாறு என்று அவர்கள் வாய் திறக்குமுன்பே தெரிந்துவிடும்.

தெரிந்து என்ன செய்வது? காலைக் காட்ட மாட்டார்களே. துணிக்கடை வீட்டு ஐயா நம் காலைத் தொடுவதா, அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று சேலைக்குள் இழுத்துக்கொள்வார்கள். நமுனுகுலையில் ஒரு பெண்ணுக்குக் கட்டை குத்திப் பாதம் முழுக்கச் சீழ் கோத்திருந்தது. கைக்குழந்தைக்காரி. காலைக் காட்டு தாயி என்று அப்பா எவ்வளவு கேட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். அப்பா அவளை விட்டுவிட்டு, அந்த லயத்திலேயே மூத்தவளான அவள் மாமியாரின் முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த அம்மாளின் காலைப் பிடித்தார்.

"ஐயோ சாமி, எங்க காலப் போயித் தொடுறீங்களே, பாவமுங்க."

"பெரியவங்க காலத் தொட்டா என்னாத்தா பாவம்? நல்லா இருடான்னு சொல்லுங்க. சொல்லிட்டு, மருமகளக் காலக் காட்டச் சொல்லுங்க."

மாமியாரே காலைக் கொடுத்த பிறகு மருமகள் என்ன செய்வாள்? வெந்நீரில் கால் வைத்தாள். அப்பா கீறிச் சீழை எடுத்து, கார்பாலிக் தண்ணீரில் கழுவி, கடையில் வெட்டி மிஞ்சிய மல் துணியால் கட்டினார். நான் பார்க்க மாட்டாமல் வெளியே ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு எந்த லயத்துக்குப் போனாலும் முதலில் மூத்தவர் யார் என்று விசாரித்து, அவர் காலில்தான் தொடங்குவார். தலை நரைத்த பிறகு இதுவும் கடினமாயிற்று. அவரைவிட மூத்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். "எனக்கு வயசாக ஆக எவனும் காலக் காட்ட மாட்டேங்குறான்" என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்வார்.

இனி நான் தள்ளிப் போட முடியாது. கல்யாணத்துக்கு வருகிறேன்.

தங்கைக்குப் பண்டாரவளையில் நல்ல இடம் அமைந்தது. பெரியப்பா காலமாகிக் கடை என் பொறுப்பில் இருந்த சமயம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை, பெயர் எதற்கு? மரியாதையாகத்தான் பேசினார். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் பாதத்தைக் கழுவிப் பூசை செய்துதான் பெண்ணைக் கொடுக்க வேண்டும், அது முறை. ஆனால் உங்கள் அப்பாவின் கை கண்ட கண்ட சாதியின் காலில், புண்ணில், சீழில் பட்ட கை. அந்தக் கையால் எங்கள் பிள்ளையின் காலைக் கழுவினால் எங்கள் சனம் பந்தலை விட்டு எழுந்துவிடும். நீங்களும் உங்கள் சம்சாரமும் உட்கார்ந்துவிடுங்கள், யாருக்கும் மனத்தாங்கல் வராது என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெண்ணும் வேண்டாம் மாப்பிள்ளையும் வேண்டாம், எழுந்து போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் நேரே போய், இது உங்கள் எல்லோருடைய பேச்சா, இவர் ஒருவருடைய பேச்சா என்றாவது கேட்டிருக்க வேண்டும். நான் காப்பி வரவழைத்துக் கொடுத்தேன். சரி என்றேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அப்பாவின் தொழிலில் ஒரு கூச்சம் இருந்தது. அந்தப் பெரியவர் சொன்னது எனக்கு முழுப் பொய்யாகப் படவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அப்பாவிடம் போய்ச் சுற்றி வளைத்து, உங்களுக்கு இடுப்பு வலி, வெகுநேரம் உட்கார முடியாது, நானும் உங்கள் மருமகளும் உட்காருகிறோமே என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ள வீட்டுல கேட்டாங்களாப்பா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"சரி. நீங்களே உக்காருங்க. அம்மாகிட்ட நா சொல்லிக்கிறேன்."

அம்மாவிடம் அவர் தம் இடுப்பு வலி என்றே சொன்னார். பெற்ற மகளைத் தாரை வார்க்க முடியாமல் அம்மா பெண்களோடு பெண்களாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை பந்தலுக்குள் நடந்து வந்தார். பின்னால் நின்ற அப்பா என் தோளைத் தொட்டுக் காதோடு சொன்னார். "மாப்பிள்ள எடது கால ஊனுறது சரியில்ல. தண்ணி ஊத்துறப்ப உள்கணுக்கால அழுத்திப் பிடிச்சிராத, வலிக்கும்." அவமானப்பட்டு நின்ற மனிதர் பேசிய பேச்சா இது? பித்தளைத் தாம்பாளத்தில் அந்தக் காலை நான் வாங்கி வைத்தபோது, உள்கணுக்காலில் கனமாகச் சந்தனம் பூசியிருந்தது. சந்தனத்தின் கீழே ஒரு வீக்கம். கை வைத்தால் சுட்டது. எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. அழுத்தாமல் கழுவினேன், பூவைப் போட்டேன், எழுந்துவிட்டேன்.

அடுத்த மாதமே அப்பா சொன்னார், மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேசி அந்தக் கணுக்காலைக் காட்டச் சொல்லு, நான் பார்க்கக் கூடாதென்றால் ஆஸ்பத்திரியிலாவது காட்டட்டும் என்று. புது மாப்பிள்ளையிடம் உங்கள் காலில் கோளாறு என்று எப்படிச் சொல்வது? கோபித்துக்கொண்டால்? நாள் கடத்தினேன். அப்பா மறுபடி கேட்டபோது தங்கையிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தேன். அதுவும், அப்பாவுக்குத்தான் யாரைப் பார்த்தாலும் காலில்தானே கண் என்று கேலியாகச் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டு மறந்துவிட்டாள்.

மூன்றாம் வருடம் புண் வெடித்து எலும்பில் ஏறிவிட்டது. பச்சிலை கட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். தொடக்கத்தில் வந்திருந்தால் கீறிச் சுத்தம் செய்து, அசையாமல் கட்டிப் போட்டே காப்பாற்றியிருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னபோது அப்பா சுவரைப் பார்த்து நின்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு அந்த வெட்டுக்காயம் ஆறும் வரை வாரம் ஒரு முறை பண்டாரவளைக்குப் போய்க் கட்டு மாற்றியவர் அப்பாதான். அப்போது எந்தப் பெரியவரும் வந்து கையைத் தடுக்கவில்லை. மாமனாரும் மருமகனும் கட்டு அவிழ்க்கும்போதும் கட்டும்போதும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்று தங்கை சொல்லுவாள். மாப்பிள்ளை வீட்டார் தம்மைத் தொடத் தகாதவராக நினைக்கிறார்கள் என்று அப்பா எண்ணியிருந்தார். மாப்பிள்ளை என்ன எண்ணியிருந்தார் என்பது பதினாறாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசி மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. படுத்த இடத்திலிருந்தும், கொஸ்லந்தையில் இன்ன லயத்தில் இன்னாருக்குக் கட்டு மாற்றும் நாள் தப்பிப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை அனுப்பிவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் கண் அயர்ந்தார். மறுநாள் காலை மூச்சு அடங்கிவிட்டது.

செய்தி கேட்டு நமுனுகுலையிலிருந்து மழையில் இறங்கி வந்த தோட்டத்துச் சனங்களுக்கும், எங்கள் கடைக்கு எதிரில் தம் கடையை அன்று முழுவதும் அடைத்துவிட்டு வண்டியும் மாடும் கொடுத்த முஸ்லிம் வியாபாரி அவர்களுக்கும், இழவு வீட்டில் இரண்டு நாளும் கூட நின்ற ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்கிற உறவுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. அப்பா தொட்ட கால்களெல்லாம் வழுக்காமல் நடக்கட்டும்.

இனி மாப்பிள்ளைக்கு. பதினாறாம் நாள் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு சொன்னதை ஒரு எழுத்து மறக்கவில்லை.

"கால் வலிய வெளிய சொன்னா கல்யாணம் நின்னுருமோன்னு பயந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லல மச்சான். பாதபூசையில மாமா கையில கால் இருக்கும்ல, அவருக்குத் தானா தெரிஞ்சிரும், அப்பறம் அவரே பாத்துக்குவாருன்னு நம்பி வந்தேன். நீங்க வந்து உக்காந்தீங்க. மாமாவுக்கு என்னயப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம் எப்புடி அவருகிட்ட போயிக் காலக் காட்டுறது?"

மாப்பிள்ளை, உங்களை அப்பாவுக்குப் பிடிக்கும். பாதபூசைக்கு உட்கார விடாமல் அவரைத் தடுத்தவன் நான்.